கடைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்

பால பண்டித வகுப்பிலே நன்னூல் இடையியல் நடந்துகொண்டிருந்தது. உம்மைக்குப் பொருள் எட்டு என்று சொல்லி, ஒவ்வொன்றுக்கும் உதாரணங் கேட்டுக்கொண்டு வந்தேன். கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினான். அதிலே ஒரு படம். ஐக்கிய அமெரிக்காவில் ஒரு நகரத்துத் தெரு. கண்ணுக்கெட்டிய தூரம் சனம். முன்னாலே ஒரு பதாகை. பதாகையிலே மூன்றே மூன்று ஆங்கிலச் சொற்கள். ‘ஐயா, இதைத் தமிழ்ப்படுத்தினால் உம்மை வருமா, வராதா?’ என்று கேட்டான்.

நல்ல வினா. அந்த வாக்கியம் ‘பிளாக் லைவ்ஸ் மற்றர்’ என்பது. சொல்லுக்குச் சொல் வைத்தால், ‘கறுப்பினத்தார் உயிர்கள் பொருட்படுத்தற்குரியன’ என்று வரும். ஆங்கிலத்திலே அங்கே உம்மை இல்லை. உம்மை இல்லாதபடியினால், கேட்பவன் தனக்கு வேண்டிய இடைச்சொல்லைத் தானே பெய்துகொள்ளுகின்றான். சொன்னவர்கள் கருதியது, ‘கறுப்பினத்தார் உயிரும் உயிர்’ என்பது; இறந்தது தழீஇய எச்சவும்மை. மற்றையோர் உயிர் உயிரென்பது முன்னமே யாவர்க்கும் உடன்பாடு. அதனோடு இதனையுஞ் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது கருத்து. எதிர்த்தவர்கள் காதிலே விழுந்ததோ, ‘கறுப்பினத்தார் உயிரே உயிர்’ என்பது, பிரிநிலை ஏகாரம். அவர்கள் சினந்து, ‘எல்லா உயிரும் உயிர்’ என்று முற்றும்மையால் விடையிறுத்தார்கள். ஒரு பெரிய தேசம் பத்தாண்டுக்கு மேலாக ஓர் இடைச்சொல்லை வைத்து வழக்காடுகின்றது என்று நான் சொன்னபோது வகுப்புச் சிரித்தது.

அந்த மாணவன் சிரிக்கவில்லை. ‘இவ்வளவு பேர் கூடினார்களே, ஐயா. பிறகு என்ன ஆயிற்று?’ என்றான். மணி அடித்துவிட்டது. இலக்கண வினாவுக்கு உடனே விடை சொன்ன எனக்கு, இந்த வினாவுக்கு விடை சொல்லச் சில நாட்கள் வேண்டியிருந்தன. அந்த நாட்களில் வாசித்ததும் யோசித்ததும் இக்கட்டுரை.

முதலில் நடந்ததைச் சொல்லவேண்டும். 2012 பெப்ரவரி 26இல் புளோரிடா மாநிலத்திலே, திறேவொன் மார்ட்டின் என்னும் பதினேழு வயதுக் கறுப்பினப் பையனை, அயலிற் காவல் பார்த்துவந்த ஒருவர் சுட்டுக்கொன்றார். பையன் கையில் ஆயுதம் இல்லை. 2013 யூலை 13இல் ஜூரிமார் சுட்டவரைக் குற்றமற்றவர் என்றனர். அன்று அலிசியா கார்சா என்பவர் இணையத்தில் எழுதிய ஆற்றாமை வாசகத்திலிருந்து, பற்றிஸ் கல்லர்ஸ் என்பவர் இந்த மூன்று சொற்களை எடுத்துப் பரப்பினார். ஓப்பல் தொமெற்றி மூன்றாமவராகச் சேர்ந்தார். மூவரும் பெண்கள். 2014 ஓகஸ்ட் 9இல் மிசூரி மாநிலத்துப் பேர்கசன் என்னுஞ் சிறு பட்டணத்திலே மைக்கல் பிறவுண் என்னும் இளைஞன் பொலிஸாரின் துப்பாக்கிக்கு இரையானபோது, சொல் தெருவுக்கு வந்தது. 2020 மே 25இல் மினியாபொலிஸ் நகரிலே ஜோர்ஜ் புளொயிட் என்பவரின் கழுத்தில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் ஒன்பது நிமிஷத்துக்கு மேலாக முழங்காலை ஊன்றியிருந்தார். அதை ஒரு பெண்பிள்ளை தன் கைத்தொலைபேசியிற் படம் பிடித்தாள். அடுத்த சில வாரங்களில் அத்தேசத்திலே தெருவில் இறங்கியோர் தொகை ஒன்றரைக் கோடிக்கும் இரண்டு கோடி அறுபது இலட்சத்துக்கும் இடையில் இருக்கலாமென்று கருத்துக் கணிப்புக்களைக் கொண்டு மதிப்பிட்டிருக்கின்றார்கள். கீழெல்லையைக் கொண்டாலும், நம் இலங்கையின் சனத்தொகையிலே முக்காற்பங்குக்குக் கிட்ட வரும்.

பிறகு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வது பொய். முழங்கால் ஊன்றியவர் 2021 ஏப்ரல் 20இற் குற்றவாளியாகக் காணப்பட்டு, இருபத்திரண்டரை ஆண்டுச் சிறை பெற்றார். அந்தத் தேசத்தில் இத்தகைய தீர்ப்பு அருமையிலும் அருமை. கழுத்தை நெரிக்கும் பிடிகளைப் பல மாநிலங்கள் தடுத்தன. ஆனால் புளொயிட்டின் பெயரால் எழுந்த பொலிஸ் சீர்திருத்த மசோதா, 2020இலும் 2021இலும் கீழ்ச்சபையில் நிறைவேறியும் செனற் சபையைக் கடக்கவில்லை. மினியாபொலிஸ் நகரசபை உறுப்பினர் பெரும்பான்மையோர் 2020 யூனில் மேடையேறி, பொலிஸ் பகுதியைக் கலைப்போம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அப்பகுதிக்குப் பதிலாக வேறொன்றை அமைப்பதா என்று 2021 நவம்பரில் நகரத்தாரையே கேட்டபோது, அவர்கள் வேண்டாம் என்றார்கள். தலைநகர் வாஷிங்டனிலே, வெள்ளை மாளிகைக்குக் கிட்டிய வீதியில் மஞ்சள் வர்ணத்திற் பெரிதாக எழுதிய அந்த மூன்று சொற்களை 2025 மார்ச்சில் இயந்திரங் கொண்டு பெயர்த்தெடுத்தார்கள். அதே ஆண்டு மே மாதத்தில், மினியாபொலிஸ் பொலிஸாரை நீதிமன்ற மேற்பார்வையிற் கொண்டுவரும் முயற்சியை மத்திய அரசு கைவிட்டது.

பணமும் வந்தது. அந்தப் பெயரைத் தாங்கிய மத்திய நிறுவனம் 2020ஆம் ஆண்டிலே ஒன்பது கோடி டொலருக்கு மேற் பெற்றதாகத் தானே அறிவித்தது. ஊர்தோறும் வேலை செய்த கிளைகள் சில, தமக்குக் கணக்குங் காட்டப்படவில்லை, காசும் வரவில்லை என்று அந்த ஆண்டு முடியுமுன்னரே வெளிப்படையாக எழுதின. ஏறக்குறைய அறுபது இலட்சம் டொலருக்கு ஒரு வீடு வாங்கிய செய்தி 2022இல் வந்தது. அதன் நியாய அநியாயம் இங்கு ஆராய்ச்சிக்கு உரியதன்று. ஒரு கோவிற் சபையிலே கணக்குக் காட்டும் முறை வகுக்குமுன் உண்டியல் நிரம்பிவிட்டால் என்ன நேருமென்பது நம்மவர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இனி, இதே மக்கள் இதே நோக்கத்துக்காக முன்னொரு காலத்திற் செய்த காரியத்தைப் பார்க்கலாம். அலபாமா மாநிலத்து மொன்ட்கொமரி நகரிலே 1955 டிசம்பர் 1இல் றோசா பார்க்ஸ் என்னும் தையற்காரப் பெண் பஸ் வண்டியில் வெள்ளையருக்கு ஆசனத்தை விட்டுக்கொடுக்க மறுத்தார், கைது செய்யப்பட்டார், ஊர் பொங்கியது, மார்ட்டின் லூதர் கிங் தோன்றினார். நம் பாடப்புத்தகங்களிற் கதை இவ்வளவுதான். வேலை முடிந்து களைத்து வந்த பெண் தற்செயலாக மறுத்துவிட்டாள் என்றுங் கூறுவாருளர்.

தற்செயல் எதுவுமில்லை. பார்க்ஸ் 1943 முதலே அந்நகரத்துக் கறுப்பினத்தார் உரிமைச் சங்கத்தின் காரியதரிசி. கைதாவதற்கு நாலு மாதத்துக்கு முன், டெனசி மாநிலத்து மலைப்பகுதியிலுள்ள ஹைலாண்டர் என்னும் பள்ளியில் இரண்டு வாரம் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். அதே ஆண்டு மார்ச்சிலே கிளாடெற் கொல்வின் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி அதே செயலைச் செய்து கைதாகியிருந்தாள். அதற்கும் முன்னே, 1954 மே மாதத்தில், ஜோ ஆன் றொபின்சன் என்னும் கல்லூரி ஆசிரியை நகரபிதாவுக்குக் கடிதம் எழுதி, பஸ் வண்டிகளிற் காட்டும் பேதம் மாறாவிட்டாற் பகிஷ்கரிப்பு வரக்கூடும் என்று அறிவித்திருந்தார். பார்க்ஸ் கைதான இரவு, அந்த ஆசிரியையே தம் உடனாசிரியர் ஒருவரையும் மாணவர் இருவரையும் அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போய், றோணியோ இயந்திரத்தில் விடியுமட்டும் பல்லாயிரந் துண்டுப்பிரசுரங்களை அடித்தெடுத்தார். விடிந்ததும் முதல் வகுப்புக்கும் போனார். எனக்கு அந்தச் சரித்திரத்தில் மிகப் பிடித்த இடம் இது. கையில் மையோடு வகுப்பில் நிற்பதை நானும் அறிவேன்.

பகிஷ்கரிப்பு 381 நாள் நின்றது. நின்றது என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை வேலை அடங்கியிருக்கின்றது பாருங்கள். பஸ்ஸில் ஏறாதவர்கள் வேலைக்குப் போகவேண்டும். நாற்பதுக்கு மேற்பட்ட தரிப்பிடங்கள் வகுக்கப்பட்டன. ஏறக்குறைய முந்நூறு மோட்டார் வண்டிகள் முறைவைத்து ஓடின. எண்ணெய்க்குக் காசு வேண்டும். கோவில்களிற் சில்லறையாகச் சேர்த்தார்கள். வண்டிகளின் காப்புறுதியை உள்ளூர்க் கம்பனிகள் திரும்பத் திரும்ப இரத்துச் செய்தபோது, இலண்டன் நகரத்து லொயிட்ஸ் சந்தையிற் போய்ப் பெற்றுக்கொண்டார்கள். வாரத்தில் இரண்டு இரவு கூட்டம். கிங் அப்பொழுது இருபத்தாறு வயது, ஊருக்குப் புதியவர். மற்றையோர் ஆண்டுக்கணக்காகப் பின்னி வைத்திருந்த வலையிலே அவருடைய வாக்கு வந்து விழுந்தது. வலை இல்லாவிட்டால் அது காற்றோடு போயிருக்கும். 1956 நவம்பரில் உயர் நீதிமன்றம் பஸ் வண்டிகளிற் பிரித்து இருத்தல் சட்டவிரோதமென உறுதிசெய்தது. அந்த வழக்கில் வாதிகளாக நின்ற பெண்களில் ஒருத்தி, முன்சொன்ன சிறுமி கொல்வின்.

பார்க்ஸ் போன பயிற்சிப் பள்ளியிலே பாடம் நடத்தியவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இக்கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல விரும்புகின்றேன். அவர் பெயர் செப்டிமா கிளார்க். தென் கரோலைனா மாநிலத்துச் சார்ள்ஸ்டன் நகரத்தார். 1916இலே, பதினெட்டு வயதில், ஜோன்ஸ் தீவு என்னும் இடத்தில் ஆசிரியையானார். சார்ள்ஸ்டன் நகரத்து அரசாங்கப் பள்ளிகள் அக்காலத்திற் கறுப்பினத்து ஆசிரியரை ஏற்பதில்லை. நாற்பதாண்டு கற்பித்தார். 1956இல் அந்த மாநிலம், அரச ஊழியர் எவரும் கறுப்பினத்தார் உரிமைச் சங்கத்தில் இருத்தலாகாது என்று சட்டஞ் செய்தது. கிளார்க் விலக மறுத்தார். வேலை போயிற்று, ஓய்வூதியமும் போயிற்று. அப்பொழுது அவர் எழுநூறுக்கு மேற்பட்ட கறுப்பின ஆசிரியருக்குக் கடிதம் எழுதி, ஒன்றுசேர்ந்து எதிர்ப்போம் வாருங்கள் என்றார். விடை எழுதினோர் மிகச் சிலர். கூட வந்தவர் அவரினுஞ் சிலர்.

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்தக் கடிதம் என் வீட்டுக்கு வந்திருந்தால்? நானும் மாதச் சம்பளக்காரன். ஓய்வூதியத்தை எண்ணத் தொடங்கிய வயதினன். வீட்டிலே படிக்கிற பிள்ளைகள். கடிதத்தை இரண்டு தரம் வாசித்திருப்பேன், பெட்டிக்குள் வைத்திருப்பேன், விடை எழுதியிருப்பேன் என்று நெஞ்சிற் கைவைத்துச் சொல்ல முடியவில்லை. கிளார்க் அந்தத் தோல்வியை மறைக்கவில்லை. ஆயத்தஞ் செய்யாமற் கேட்டேன் என்ற முடிவுக்கே அவர் வந்தார். பயந்தவர்களைப் பழிக்காமல், பயந்தவர்களோடு எங்கிருந்து தொடங்கலாம் என்று யோசித்தார்.

தொடங்கிய இடம் அவர் பதினெட்டு வயதிற் கற்பித்த அதே ஜோன்ஸ் தீவு. தென் கரோலைனாவில் வாக்காளராகப் பதிய விரும்புகிறவர் அரசியல் யாப்பின் ஒரு பகுதியை அதிகாரிக்கு முன் வாசித்துக்காட்ட வேண்டும். தீவில் எழுத்தறிந்தோர் குறைவு. ஈசா ஜெங்கின்ஸ் என்பவர் தீவாரை நகரத்துக்கு வேலைக்கு ஏற்றிப்போகும் பஸ் ஒன்று வைத்திருந்தார். போகிற வழியிலேயே யாப்பை வாசித்துக் காட்டுவார். அந்த பஸ்ஸில் வந்த ஒரு பெண்மணி, கேட்டுக் கேட்டு அந்தப் பகுதி முழுவதையும் மனப்பாடஞ் செய்து, அதிகாரிக்கு முன் வாசிப்பவர் போல ஒப்புவித்துப் பதிவும் பெற்றுவிட்டார்! மனப்பாடத்தாற் சீவிக்கும் நம்போன்றோர் அவரை வணங்கவேண்டும். ஆயினும் அவருக்கு அது போதவில்லை. உண்மையாக வாசிக்கக் கற்றுத்தாருங்கள் என்று ஜெங்கின்ஸிடங் கேட்டார்.

1957 சனவரியில், தீவில் ஒரு கூட்டுறவுக் கடை. முன்பக்கத்திலே சரக்கு, பின்னறையிலே பள்ளிக்கூடம். வெள்ளையர் கண்ணிற் படாதிருக்க அந்த ஏற்பாடு. பேர்னிஸ் றொபின்சன் என்பவரை ஆசிரியையாக இருக்கும்படி கிளார்க் கேட்டார். றொபின்சன் தலை அலங்காரஞ் செய்பவர், தையலும் தெரியும், ஆசிரியப் பயிற்சி இல்லை. அதனாலேயே அவரைத் தெரிந்தெடுத்தார்கள். பயின்ற ஆசிரியர் வளர்ந்தவர்களையும் பிள்ளைகளாகவே நடத்திவிடுவர் என்பது கிளார்க்கின் அச்சம். (நாற்பதாண்டு ஆசிரியை சொன்னபடியால் இதை நான் மறுக்கவில்லை.) முதல் இரவு வந்தோர் பதினால்வர். றொபின்சன் கொண்டுபோன சிறுபிள்ளைப் பாடப் புத்தகங்களை ஒருபக்கம் வைத்துவிட்டு, என்ன படிக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும் என்றார்கள் சிலர். தூரதேசத்திலுள்ள பிள்ளைகளின் கடிதத்தை வாசிக்க வேண்டும் என்றார்கள் சிலர். மணிஓடர்ப் பத்திரம் நிரப்ப வேண்டும் என்றார்கள் வேறு சிலர். அவையே பாடமாயின. யாப்பு, வாக்கு, வரி, வழக்கு என்பன அவற்றின் வழியே வந்தன.

அந்தப் பின்னறை பெருகிற்று. அயல் தீவுகளுக்குப் போயிற்று. ஹைலாண்டர்ப் பள்ளியை மாநில அரசு மூடச்செய்தபோது, 1961இல் கிங்கின் சங்கம் அந்த வேலையைப் பொறுப்பேற்றது. ஜோர்ஜியாவிலே ஒரு நிலையத்தில், தெற்கு மாநிலங்களெங்குமிருந்து வந்தோரை ஆசிரியராக்கி அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கானோர் பயின்றார்கள். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தபோது, அதைப் பயன்படுத்தத் தெரிந்த சனம் ஊர்தோறும் இருந்தது.

இதே காலத்திற் பொறுமையைப் பயிற்றியவர் ஒருவரையும் சொல்லவேண்டும். ஜேம்ஸ் லோசன் என்னும் இளங் குருவானவர் 1953 முதல் 1956 வரை இந்தியாவில் நாக்பூரிற் பணிசெய்து, சத்தியாக்கிரக முறையைக் கற்றுத் திரும்பியவர். நாஷ்வில் நகரிலே கோவிலின் கீழறையில் மாணவர்களை இருத்தி, ஒருவரை ஒருவர் வையவும் தள்ளவும் விட்டு, கை ஓங்காதிருக்கப் பழக்கினார். மாதக்கணக்கிற் பழகிய பின்னரே 1960 பெப்ரவரியில் அவர்கள் உணவுச்சாலைகளில் அமர்ந்தார்கள். அந்த வழியின் ஒரு கிளை நம் நாட்டிலும் ஓடியிருக்கின்றது. ஹவார்ட் தேர்மன் என்னுங் கறுப்பினக் குருவானவர் 1935இலே தூதுக்குழுவொன்றின் தலைவராக இலங்கைக்கு வந்தார். கொழும்புச் சட்டக் கல்லூரியிற் பேசிமுடிந்ததும் ஒருவர், உங்களை அடிமைகளாக விற்றவரின் மதத்தைப் பேச வந்திருக்கின்றீரே, இது கறுத்த சாதியாருக்கெல்லாந் துரோகமன்றோ என்று முகத்துக்கு நேரே கேட்டார். அந்தக் கேள்விக்குத் தேர்மன் எழுதிய விடை, 1949இல் ஒரு நூலாக வந்தது. அவர் 1936இல் காந்தியடிகளைக் கண்டு பேசினார். பின்பு கிங் பொஸ்டனிற் படித்த காலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்திலே இருந்தார். கொழும்பிற் கேட்ட அந்த மனிதர் தம் கேள்வி எங்கெல்லாம் போயிற்றென்று அறிந்திருப்பாரோ?

இனி இக்காலத்தவர் பக்கத்து நியாயத்தையுங் கேட்போம். எங்களுக்குத் தலைவர் வேண்டாம், எல்லாருந் தலைவரே என்று அவர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. எவேர்ஸ் 1963இல், மல்கம் எக்ஸ் 1965இல், கிங் 1968இல், ஹம்ரன் 1969இற் கொல்லப்பட்டார்கள். தலை ஒன்றாயின் வெட்டுவது எளிது. அன்றியும் அக்காலத்துக் குருமார் பெண்களை மேடையேற்றவில்லை. சபையில் தன் சொல்லை ஆடவர் செவிமடுப்பதில்லை என்று கிளார்க்கே குறைப்பட்டிருக்கின்றார். ஆகவே அவர்கள் எல்லா பேக்கர் என்னும் பெண்மணியைத் தமக்கு முன்னோராகக் கொண்டார்கள். 1960 ஏப்ரலில் மாணவர் சங்கம் அமையக் காரணராயிருந்தவர் அவர். ஒரு பெருந்தலைவரை நம்பியிருத்தல் கூடாது என்பது அவர் கொள்கை; மெய்தான். ஆனால் அவர் கொள்கையில் மற்றப் பாதி ஒன்று உண்டு. 1940களில் ஊரூராகப் போய், சாப்பாட்டு மேசையிலும் முடிவெட்டும் கடையிலும் இருந்து, சங்கத்துக்கு ஒவ்வோர் ஆளாகச் சேர்த்தவர் பேக்கர். தலைவர் வேண்டாம் என்றது, ஊர்தோறும் வேலைதெரிந்த பலர் இருக்கவேண்டும் என்பதற்காக. முதற்பாதியைக் கைத்தொலைபேசி ஒருநாளிற் பரப்பிவிடும். மற்றப் பாதிக்கு ஆண்டுகள் வேண்டும். பல்லாயிரந் துண்டுப்பிரசுரத்தை ஓர் இரவிலே அடித்துப் பரப்ப வேண்டியிருந்தவர்கள், அடிக்குமுன்னமே யார் எந்தத் தெருவுக்குக் கொண்டுபோவார் என்று அறிந்திருந்தார்கள். இன்று அந்த அறிவில்லாமலே இலட்சம் பேரைக் கூட்டலாம். மறுநாட் காலையிலே அவர்களிடம் எந்த வேலையைக் கொடுப்பது என்பதுதான் தெரியாமற் போகின்றது.

எல்லாரும் அப்படியல்லர். பேர்கசனிற் கூட்டங் கலைந்த பின்னும் சிலர் இருந்தார்கள். அப்பட்டணத்துப் பொலிஸும் நீதிமன்றமும் ஏழைகளின் குற்றப்பணத்தை வருமானமாக நடத்தின என்று மத்திய அரசின் அறிக்கை 2015 மார்ச்சில் வந்தது. 2018இல், அம்மாவட்டத்திலே நெடுங்காலம் இருந்த வழக்குத்தொடுநரை வாக்கினால் அகற்றினார்கள். 2020 யூனில் எல்லா ஜோன்ஸ் அப்பட்டணத்தின் முதற் கறுப்பின நகரபிதாவானார். தெருவில் நின்ற தாதி கோறி புஷ் அவ்வாண்டிலே காங்கிரஸுக்குத் தெரிவானார். 2024இல் தம் கட்சிக்குள்ளேயே தோற்றார். தோற்கடித்தவர், 2018இல் அவ்வியக்கத்தார் துணையோடு வென்ற அதே வழக்குத்தொடுநர். அரசியல் அப்படித்தான். ஆயினும், நடந்தவையெல்லாம் யார் எந்தத் தெரு என்று அறிந்தவர்கள் செய்தவை.

கிளார்க் 1970களிலே, தம்மை நீக்கிய அதே சார்ள்ஸ்டனிற் கல்விச்சபை உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டார். 1987இற் காலமானார்.

ஜோன்ஸ் தீவுப் பின்னறையில் நடந்த ஒன்றை றொபின்சன் பிற்காலத்திற் சொல்லியிருக்கின்றார். வகுப்பில் அறுபது கடந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். எழுத்தே அறியாதவர். ஒருநாள் பலகையிற் பல பெயர்களை எழுதிவைத்து, உங்கள் பெயர் இதில் உண்டா என்று றொபின்சன் கேட்டார். மூதாட்டி எழுந்து வந்து, ஆசிரியையின் கையிலிருந்த அடிமட்டத்தை வாங்கி, தன் பெயர் மேல் வைத்து, எழுத்தெழுத்தாகச் சொன்னார். றொபின்சனுக்கு மெய் சிலிர்த்ததாம்.

அந்த மாணவனுக்கு இதைத்தான் சொல்ல இருக்கின்றேன். அடுத்த வகுப்பிலே, முற்றும்மை சில இடங்களில் முற்றாகாமல் எச்சமாய் நின்றுவிடும் என்று சொல்லுஞ் சூத்திரம் நடக்கவேண்டும். உதாரணத்துக்கு அவன் காட்டிய படம் இருக்கின்றது.